செத்தவர் காலுக்கும் காப்புக் கூலி!

செத்துப்போனவர் பேரைச் சொல்லி, அமாவாசைக்கு அமாவாசை தர்ப்பணமும் வருஷத்துக்கொரு திதியும் நடத்தி, உயிரோடிருப்பவர்களிடம் அரிசியும் காய்கறியும் காசும் வாங்கிக்கொண்டு போகும் கூட்டத்தை நமது நாட்டில் வெகுகாலமாகப் பார்த்து வருகின்றோம். "கொடுத்தது செத்தவருக்குப் போய்ச் சேர்ந்ததா?" என்று யாராவது கேட்டால், அவனை நாஸ்திகன் என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். இந்த வித்தை நம் நாட்டுப் புரோகிதர்களுக்கு மாத்திரமே தெரிந்த ரகசியம் என்று நாம் எண்ணிக்கொண்டிருந்தோம். ஆனால் கால்சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்த சீமைக் கம்பெனிக்காரர்களுக்கும் அது நன்றாய்த் தெரியுமென்பது 2013-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி இங்கிலாந்து பார்லிமெண்டில் வெட்டவெளிச்சமாயிற்று.

அன்றைய தினம் அந்நாட்டு நீதி மந்திரி கிறிஸ் கிரேலிங் எழுந்து ஒரு சங்கதியை வெளியிட்டார். வீட்டுக்காவலில் இருப்பவர்களைக் கண்காணிப்பதற்காகச் சர்க்காரிடம் கண்ட்ராக்ட் எடுத்திருந்த ஜி ஃபோர் எஸ், செர்கோ என்னும் இரண்டு பெரிய தனியார் கம்பெனிகளும், சிறைக்குத் திரும்பிப் போய்விட்டவர்களுக்கும், நாட்டை விட்டே போய்விட்டவர்களுக்கும், காலில் கருவியே மாட்டப்படாதவர்களுக்கும், ஒரு சிலர் விஷயத்தில் செத்தே போனவர்களுக்குங்கூட, "கண்காணித்தோம்" என்று பில் எழுதிப் பணம் கேட்டிருக்கின்றன என்பதே அந்தச் சங்கதி. கண்காணிப்பு நின்று மாதக்கணக்கும் வருஷக்கணக்கும் ஆன பிறகுகூட, சிலர் பேரில் பில் மாத்திரம் நிற்காமல் வந்துகொண்டேயிருந்தது. ஒரே ஆளின் பேரில் இரண்டு மூன்று உத்தரவுகள் இருந்தால், ஒரே காலில் மாட்டிய ஒரே கருவிக்கு இரண்டு மூன்று கூலி! புரோகிதனாவது, செத்தவன் மேலுலகத்தில் இருக்கின்றான் என்று சொல்லி வாங்குகின்றான். இந்தக் கம்பெனிகளோ, செத்தவன் தன் வீட்டிலேயே அடங்கியிருக்கின்றான் என்றல்லவோ கணக்கு எழுதின! ஒரு விதத்தில் பார்த்தால் அது பொய்யுமல்ல. செத்தவனைப் போல் உத்தரவுக்கு அடங்கி நடப்பவன் வேறு யார் இருக்கக்கூடும்?

நமது வாசகர்களில் பலருக்கு இந்த ஏற்பாடு இன்னதென்று தெரிந்திராது. ஆதலால் அதைச் சற்று விளக்குவோம். கோர்ட்டார் ஒருவனைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாகவோ, சிறையிலிருப்பவனைத் தண்டனைக் கெடு முடியுமுன் வெளியில் விடும்போதோ, "இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையில் வீட்டை விட்டு வெளிக்கிளம்பக் கூடாது" என்று உத்தரவு போடுகின்றார்கள். அவன் கணுக்காலில் கைக்கடிகாரம்போல் ஒரு கருவியை மாட்டி, வீட்டில் ஒரு பெட்டியை வைத்துவிடுகின்றார்கள். கருவி பெட்டிக்குச் சமிக்ஞை கொடுத்துக்கொண்டேயிருக்கும். ஆள் வெளியே போனால் பெட்டி கம்பெனி ஆபீசுக்குச் சொல்லிவிடும். இப்பொழுது வானத்திலுள்ள செயற்கைக் கோள்களைக் கொண்டு அவன் எந்தத் தெருவில் நிற்கின்றான் என்பதையுங்கூடக் காட்டும் கருவிகள் வந்துவிட்டன.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிக்கொண்டவன், காப்பு அவிழ்க்கும் வரையில் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாதென்று நமது கிராமங்களில் ஒரு வழக்கமுண்டல்லவா? இதுவும் அப்படிப்பட்ட காப்புத்தான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே எல்லை தாண்டினால் அம்மன் கண்ணைக் குத்தும் என்பது வெறும் பயம். இங்கே தாண்டினால் சிறை என்பது நிஜம். அங்கே காப்பு அவிழும் நாள் கட்டும்போதே ஊராருக்கெல்லாம் தெரியும். இங்கே காப்பு எத்தனை நாள் காலில் கிடக்கின்றதோ அத்தனை நாளும் கட்டினவனுக்கு வரும்படி.

இந்தக் காப்பு பிறந்த கதையும் வேடிக்கையானது. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாகாணத்து அல்புகர்க்கி நகரத்து நீதிபதி ஜாக் லவ் என்பவர், ஸ்பைடர்மேன் என்னும் படக்கதையில், கதாநாயகன் கையில் வில்லன் ஒரு கருவியை மாட்டி அவன் போகுமிடமெல்லாம் கண்டுபிடிப்பதைப் பார்த்து, நாமும் ஏன் இப்படிச் செய்யக்கூடாதென்று எண்ணி, 1983-ல் அதைக் காரியத்தில் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் 1989-ல் பரீட்சை பார்த்து, 1999-ல் நாடு முழுவதற்கும் கொண்டு வந்தார்கள். படக்கதையில் வில்லன் செய்த காரியத்தைச் சர்க்கார் செய்யலாயிற்று. சர்க்கார் செய்யவேண்டியதைக் கம்பெனி செய்யலாயிற்று.

நாம் வீட்டுக்காவலே கூடாதென்று சொல்ல வரவில்லை. சிறைச்சாலை என்பது மனிதனைத் திருத்துகின்ற இடமல்ல என்பதும், சில்லறைக் குற்றம் செய்தவன் உள்ளே போய்ப் பெரிய குற்றங்களைக் கற்றுக்கொண்டு வருவதும் யாவரும் அறிந்ததே. ஒருவன் தன் வீட்டிலிருந்து, தன் தொழிலைச் செய்து, தன் பெண்டு பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டு, தண்டனையையும் அனுபவிக்கலாமென்றால் அதை நாம் வரவேற்கவே செய்வோம். நமது கேள்வியெல்லாம், அந்தக் காப்பின் திறவுகோல் யார் கையில் இருக்கவேண்டும் என்பதுதான்.

ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிப்பது சாதாரணக் காரியமா? அதைச் செய்யும் அதிகாரம் பொது ஜனங்களால் சர்க்காருக்கும், சட்டத்தால் கோர்ட்டுக்கும் கொடுக்கப்பட்டது. அதைச் சாராயக்கடைக் குத்தகைபோல ஏலம் போட்டுக் கம்பெனிக்காரனிடம் விட்டால் என்ன ஆகும்? காவலில் இருப்பவன் சீக்கிரம் விடுதலையாக வேண்டும் என்று விரும்புகின்றான். ஜனங்கள் அவன் திருந்த வேண்டும் என்று விரும்புகின்றார்கள். ஆனால் தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் கம்பெனியோ, தலைகளும் பெருகவேண்டும், நாட்களும் நீளவேண்டும் என்றுதானே விரும்பும்? நோய் தீராதவரையில் நாள்தோறும் பணம் என்று பேசிக்கொண்ட வைத்தியனிடம் நோயாளி ஒப்புவிக்கப்பட்டால், அந்த நோய் எப்பொழுதாவது தீருமா? அந்த வைத்தியன் யோக்கியனா அயோக்கியனா என்பதல்ல இங்கு கேள்வி. ஏற்பாடே அயோக்கியத்தனமான ஏற்பாடு என்பதுதான் நாம் சொல்வது.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் சில்லறைக் குற்றவாளிகளைத் தனியார் கம்பெனிகளின் கண்காணிப்பில் விட்டு, மாதக் கட்டணத்தை அவர்களிடமே வசூல் செய்யவும் விட்டிருந்தார்கள். முடிவில், சில்லறைக் குற்றத்துக்கு விதித்த கெடுவை அதற்கு மேலும் நீட்டிக்கொண்டு போகச் சட்டத்தில் இடமில்லை என்று 2014 நவம்பரில் அம்மாகாணத்துச் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. கெடு முடிந்தால் ஆளை விடவேண்டும் என்பதற்கு ஒரு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வேண்டியிருந்தது என்றால், அந்த ஏற்பாட்டின் யோக்கியதையை வாசகர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

அமெரிக்காவில் இதைவிட மானக்கேடான வழக்கம் ஒன்றும் இருக்கின்றது. பல இடங்களில் காப்புக்கு வாடகை கொடுக்கவேண்டியவன் காப்பு மாட்டப்பட்டவனே! சில ஊர்களில் நாளொன்றுக்கு 10 டாலரும் அதற்கு மேலும் வாங்கப்பட்டிருக்கின்றது. விசாரணை முடியாதவன், அதாவது சட்டப்படி இன்னும் குற்றவாளியாகாதவன்கூட இதற்குத் தப்புவதில்லை. பணமுள்ளவன் வாடகை கொடுத்து வீட்டிலிருக்கின்றான். பணமில்லாதவன் சிறைக்குப் போகின்றான். ஏழையென்ற காரணத்துக்காகவே, அவன் வேண்டுமென்று கொடாமலிருக்கின்றானா, கொடுக்க வகையில்லாமலிருக்கின்றானா என்று விசாரிக்காமல் ஒருவனைச் சிறையிலிடக் கூடாதென்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் 1983-லேயே, காப்புப் பிறந்த அதே வருஷத்தில், சொல்லியிருக்கின்றது. சொல்லி என்ன பயன்? அதற்குப் பிறகும் கட்டணம் கட்ட வகையில்லாமல் சிறைக்குப் போனவர்கள் உண்டு. தூக்குப் போடுகிறவன், கயிற்றின் விலையைத் தூக்கில் தொங்குகிறவனிடம் கேட்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

நிற்க. "கருவி பொய் சொல்லாது, மனிதனைத்தான் நம்ப முடியாது" என்று சில படித்தவர்கள் சொல்லுகின்றார்கள். சாமி பொய் சொல்லாது என்ற இடத்தில் இப்பொழுது கருவி பொய் சொல்லாது என்கின்றார்கள். அவ்வளவுதான் இவர்கள் படித்த படிப்பு. 2010-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில், பி.ஐ. இன்கார்ப்பரேட்டட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கணக்கு யந்திரத்தில் இடம் நிறைந்துபோய், 49 மாகாணங்களில் சுமார் 16,000 பேரைப்பற்றிய எச்சரிக்கை ஒன்றும் அதிகாரிகளுக்குப் போகாமல் சுமார் 12 மணி நேரம் நின்றுபோயிற்று. காப்புக் கட்டியவர்களுக்கு அது தெரியாது. அம்மன் தூங்கிவிட்டாள்! இது ஒரு பக்கம். மற்றொரு பக்கம், கனத்த சுவருள்ள கட்டிடத்துக்குள் சமிக்ஞை அறுந்துபோனாலும், மின்சாரம் தீர்ந்துபோனாலும், "ஓடிவிட்டான்" என்று கருவி கூச்சல் போடக்கூடும். அந்தக் கூச்சலை நம்பி ஒருவனைச் சிறைக்கனுப்பினால் அவன் வேலை போகும், வீடு போகும். கம்பெனிக்குப் போவதென்ன?

அந்த பி.ஐ. கம்பெனியை 2011-ல் வாங்கியவர்கள் யார் தெரியுமா? தனியார் சிறைச்சாலைகளை நடத்தும் ஜியோ குரூப் என்ற கம்பெனியார். உள்ளே போட்டாலும் அவர்களுக்கு வரும்படி, வெளியே விட்டாலும் அதே கையில் வரும்படி. குற்றமே செய்யாமல், அந்நாட்டில் குடியேற அனுமதி கேட்டுக் காத்திருக்கும் வெளிநாட்டாரைக் கண்காணிக்கும் கண்ட்ராக்டும் 2004 முதற்கொண்டு பி.ஐ.யினிடத்திலேயே இருந்து வருகின்றது.

மறுபடியும் இங்கிலாந்துக்கு வருவோம். செத்தவர் கணக்கு வெளியான பிறகு என்ன நடந்தது? செர்கோ 6 கோடியே 85 லட்சம் பவுனும், ஜி ஃபோர் எஸ் சுமார் 10 கோடியே 90 லட்சம் பவுனும் சர்க்காருக்குத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டன. பிறகு இந்தக் கண்ட்ராக்டில் கிடைத்த லாபத்தைச் சர்க்காருக்கு மறைத்துக் காட்டிய மோசடிக்காக, செர்கோவின் கிளைக் கம்பெனி 2019-ல் 1 கோடியே 92 லட்சம் பவுனும், ஜி ஃபோர் எஸ்ஸின் கிளைக் கம்பெனி 2020-ல் 3 கோடியே 85 லட்சம் பவுனும் அபராதம் கட்டின. அபராதம் கட்டினால் கம்பெனி மேல் வழக்கை நடத்தாமல் நிறுத்திவைப்பது என்பது ஏற்பாடு. உத்தியோகஸ்தர்கள் சிலர் மேல் போட்ட வழக்குகள் 2021-லும் 2023-லும் சர்க்கார் தரப்பே நடத்த முடியாமல் கைவிட்டதால் முடிந்துபோயின. ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. ஒருவர் காலிலும் காப்பு ஏறவில்லை.

கதை இத்தோடு முடிந்திருந்தாலும் மனதைத் தேற்றிக்கொள்ளலாம். 2023-ல் அதே காப்புக் கண்ட்ராக்டை மறுபடியும் செர்கோவுக்கே கொடுத்தார்கள். 2024 மே மாதத்தில் வேலை தொடங்கிற்று. அவ்வருஷம் செப்டம்பரில், சிறைகளில் இடமில்லாமல் பலரை முன்கூட்டி வெளியில் விட்டபோது, காப்பு மாட்டப்படவேண்டியவர்களில் பலருக்குக் குறித்த காலத்தில் மாட்டப்படவில்லை. செத்தவன் காலில் மாட்டத் தெரிந்தவர்களுக்கு உயிரோடிருக்கிறவன் காலில் மாட்டத் தெரியவில்லை! ஒரு கடையில் பத்து ரூபாய் கையாடிய குமாஸ்தாவை அடுத்த தெருக் கடைக்காரன்கூட வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டான். ஆனால் கோடிக்கணக்கில் திருப்பிக் கொடுத்த கம்பெனிக்கு அதே வேலையைச் சர்க்கார் கூப்பிட்டுக் கொடுக்கின்றது. ஏழை திருடினால் அது குற்றம்; கம்பெனி திருடினால் அது கணக்குப் பிசகு. மனுதர்மம் நம் நாட்டில் மாத்திரந்தான் இருக்கின்றது என்று எவர் சொல்ல முடியும்?

"சீமையில் நடப்பதைப்பற்றி நமக்கென்ன கவலை?" என்று சிலர் கேட்கக்கூடும். கவலைப்படவேண்டிய காரணம் இருக்கின்றது. 2023-ல் இந்திய சர்க்கார் வகுத்த மாதிரிச் சிறைச் சட்டத்தில், சிறையிலிருந்து விடுப்பில் போகிறவர்கள் இருக்குமிடம் காட்டும் கருவியை அணியச் சம்மதித்தால் விடுப்புக் கொடுக்கலாம் என்று எழுதியாகிவிட்டது. அவ்வருஷம் நவம்பரில் காஷ்மீரத்துப் போலீசார் ஜாமீனில் போன ஒருவர் காலில் அதை மாட்டியுமாகிவிட்டது. கௌதம் நவ்லாகாவை 2022 நவம்பரில் வீட்டுக்காவலில் வைக்க அனுமதித்தபோது, காவல் செலவுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் ரூபாயை அவரே கட்டவேண்டுமென்று உத்தரவாயிற்று. பிறகு விசாரணை இலாகா 1 கோடியே 64 லட்சம் ரூபாய் என்று பில் நீட்டிற்று. 2024 மே மாதத்தில் ஜாமீன் நிலைத்தபோது 20 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். தன்னைக் காவல் காத்தவனுக்குத் தானே கூலி கொடுக்கும் வழக்கம் இங்கேயும் முளைத்தாகிவிட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஜாமீனில் போகிறவர் தம் இருப்பிடத்தைக் கைப்பேசி மூலம் ஓயாமல் காட்டிக்கொண்டிருக்கவேண்டுமென்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலை 8-ந் தேதி நமது சுப்ரீம் கோர்ட் சொல்லியிருப்பது ஒன்றுதான் சற்று ஆறுதலான சேதி. கருவி வந்துவிட்டது, கட்டணமும் வந்துவிட்டது. இனிக் கம்பெனி வருவதற்கு எத்தனை நாழிகை ஆகும்?

அன்றியும், காவலைப் பிறர் கையில் ஒப்புவிப்பது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1911-ம் வருஷத்துக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ், பிறந்த ஜாதியையே குற்றமாக்கி, ரேகை வைக்கச் சொல்லி, இரவில் ஊரைவிட்டு வெளியேறாமல் அடைத்துவைத்தார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ந் தேதி 16 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்காலத்துச் சென்னை மாகாணத்தில், இன்று ஆந்திராவிலுள்ள ஸ்டூவர்ட்புரத்தில், 1913-ல் ஏற்பட்ட குடியிருப்பை நடத்தும் பொறுப்பைச் சர்க்கார் இரட்சணிய சேனை என்ற மதஸ்தாபனத்திடம் கொடுத்தது. அப்பொழுது ஆத்துமாவைத் திருத்துவது என்று பேர். இப்பொழுது செலவைக் குறைப்பது என்று பேர். பேர் எதுவானாலும் அடைபட்டவர்கள் ஏழைகளும் தாழ்த்தப்பட்டவர்களுமே. நாளைக்கும் அந்தக் காப்பு மிராசுதாரர் காலைத் தேடிக்கொண்டு போகாது. நம்மவர் காலைத் தேடிக்கொண்டுதான் வரும்.

"சர்க்கார் உத்தியோகஸ்தன் மாத்திரம் யோக்கியனா?" என்றும் கேட்பார்கள். அல்ல, நாம் அப்படிச் சொல்லவுமில்லை. ஆனால் உத்தியோகஸ்தன் தப்புச் செய்தால் சட்டசபையில் கேட்கலாம், தகவல் கேட்டு மனுப் போடலாம், கோர்ட்டில் நிறுத்தலாம். கம்பெனியைக் கேட்டால் "அது எங்கள் வியாபார ரகசியம்" என்று கதவைச் சாத்திவிடுவான். கர்ப்பக்கிரகத்துக்குள் நுழையாதே என்பதும் வியாபார ரகசியத்தைக் கேட்காதே என்பதும் ஒரே பேச்சுத்தான். உள்ளே இருப்பதைப் பிறர் பார்த்துவிட்டால் பிழைப்புப் போய்விடும் என்பதே இரண்டுக்கும் காரணம்.

ஆகவே, இவ்வேலையைச் சர்க்காரே செய்யவேண்டுமென்பது நமது முதல் அபிப்பிராயம். அப்படியில்லாமல் தனியாரிடம் கொடுத்தே தீருவதென்றால், கண்ட்ராக்ட் எழுதுவதற்கு முன்னால் சட்டம் எழுதப்படவேண்டும். அந்தச் சட்டத்தில் கீழ்க்கண்டவை இருந்தாகவேண்டும்.

1. காவலில் இருப்பவனிடம் ஒரு காசுகூட வாங்கக்கூடாது. தண்டிப்பது பொது ஜனங்களின் காரியமானால் செலவும் பொது ஜனங்களுடையதே.

2. உத்தரவை மீறினானா என்று தீர்மானிக்கும் அதிகாரம் கம்பெனிக்கு இருக்கக்கூடாது. கருவியின் பதிவை உள்ளபடி ஒப்புவிப்பதே அதன் வேலை. காவலில் இருப்பவனைக் கேட்டு விசாரித்த பிறகே கோர்ட்டார் முடிவு சொல்லவேண்டும்.

3. கம்பெனியின் ஒவ்வொரு பில்லையும் கோர்ட் உத்தரவு, சிறைப் பதிவு, மரணப் பதிவு ஆகிய மூன்றோடும் ஒத்துப்பார்த்த பிறகே பணம் கொடுக்கவேண்டும். இந்தச் சின்ன வேலையைச் செய்திருந்தால் இங்கிலாந்தில் செத்தவர்களுக்குக் கூலி போயிருக்காது.

4. கெடு முடிந்த அன்றைக்கே காப்பு அவிழவேண்டும். தாமதித்த ஒவ்வொரு நாளுக்கும் கம்பெனி நஷ்ட ஈடு கொடுக்கவேண்டும். அது சர்க்காருக்கல்ல, காப்பைச் சுமந்தவனுக்கு.

5. கருவி பழுதான கணக்கு வருஷந்தோறும் அச்சிட்டு வெளியிடப்படவேண்டும். கருவியின் பிசகுக்கு மனிதன் சிறைக்குப் போகக்கூடாது.

6. அவன் போன இடம் வந்த இடம் பற்றிய விவரத்தை வேறெவருக்கும் விற்கவோ கொடுக்கவோ கூடாது. காவல் முடிந்ததும் அது அழிக்கப்படவேண்டும்.

7. கணக்கில் மோசடி செய்த கம்பெனிக்கு மறுபடியும் அந்த வேலையைக் கொடுக்கக்கூடாது. அதன் முதலாளிகளும் மானேஜர்களும் சொந்தத்தில் பொறுப்பாளிகளாக்கப்படவேண்டும். சிறைச்சாலை நடத்துகிற கம்பெனிக்குக் காப்புக் கண்ட்ராக்ட் கூடாது.

"குற்றவாளிகளுக்கு ஏன் இவ்வளவு பரிந்து பேசவேண்டும்?" என்று கேட்கும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுவோம். குற்றம் செய்தவன் சட்டத்துக்குக் கடன்பட்டவனே தவிர, கம்பெனியின் பங்குதாரனுக்குக் கடன்பட்டவனல்ல. அவன் அனுபவிக்கவேண்டியது தண்டனையே தவிர, அவமானமும் கொள்ளையுமல்ல. அவனுக்கும் சுயமரியாதை உண்டு. அது இல்லையென்று இன்றைக்கு ஒப்புக்கொண்டால், சர்க்காரை எதிர்த்துப் பேசியவனுக்கும், கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தவனுக்கும், கோவில் தெருவில் நடக்க உரிமை கேட்டவனுக்கும் அது இல்லையென்று நாளைக்குச் சொல்லுவார்கள்.

காப்பு ஒருமுறை கட்டப்பட்டுவிட்டால் அவிழ்ப்பதற்கு எத்தனை பாடு என்பதைச் சீமையிலும் அமெரிக்காவிலும் பார்த்தோம். நம் நாட்டில் அது இப்பொழுதுதான் ஒன்றிரண்டு கால்களில் ஏறிக்கொண்டிருக்கின்றது. ஆகையால் வாசகர்கள் தங்கள் ஊருக்கு ஓட்டுக் கேட்க வரும் சட்டசபை அங்கத்தினரிடம் சாலையையும் தண்ணீரையும் கேட்கும்போதே, "மனிதனைக் காவல் காப்பதைக் குத்தகைக்கு விடுவீர்களா? விட்டால் அதற்குச் சட்டம் எங்கே?" என்பதையும் கேட்டுவைக்க வேண்டியது. பதில் சொல்லத் தெரியாதவருக்கு ஓட்டும் தெரியாமல் போகட்டும்.